முதல் பானையும் பெரிய ராணியும்

பெரிய ராணியைக் கெட்டவள் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முருகலட்சுமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அருப்புக்கோட்டை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவளுக்கு, சீனாவில் எந்தக் காலத்திலோ இருந்ததாகக் கதை கட்டிய ஒரு ராணி மேல் இவ்வளவு ரோஷம் எதற்கு என்று கேட்கலாம். கேட்டுத்தான் பாருங்களேன். டம்ளர் வாங்க வந்தவர் டம்ளரை மறந்துவிட்டு அரைமணி நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

"ஊர்ல மழ இல்ல, சனமெல்லாம் கஞ்சிக்குச் செத்துச்சு. தானியக் கிட்டங்கியத் தெறந்து விட்டது யாரு? பெரிய ராணி. ராசாவுக்குக் காய்ச்சல்னதும் மருந்த மொதல்ல குடிச்சுப் பாத்தது யாரு? பெரிய ராணி. அந்த நேரத்துல பச்சச் சேலக்காரி என்ன பண்ணுனா? கொளத்தங்கரையில உக்காந்து புல்லாங்கொழல் ஊதுனா. ஊதுனவ நல்லவ, ஒழைச்சவ கெட்டவளா? நல்லாருக்கே ஞாயம்!"

சீனப் பெயர் ஒன்றுகூட அவள் வாயில் நிற்காது. பெயர் எதற்கு, ஆளைப் பார்த்தால் தெரியாதா? பெரிய ராணி, இளையவளான பச்சைச் சேலைக்காரி, கெண்டை மீசை மந்திரி, ராசாவைப் பெற்ற ராசாத்தா. அவர்கள் உடுத்துவது சேலையே இல்லை, கை நீண்ட அங்கி என்று புருஷன் நாகராஜ் ஒருதரம் திருத்தப் பார்த்தான். "அங்கியோ கிங்கியோ, பச்சையா இருக்குல்ல?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோது போனில் சீனத் தொடர் பார்க்கத் தொடங்கித் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. தமிழ்க் குரல் கொடுத்திருந்தார்கள். "தங்கள் ஆணை, மகாராணி" என்று சீனாக்காரன் சுத்தத் தமிழ் பேசுவதைக் கேட்கவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு தொடர் முடிந்தால் இன்னொன்று. அரண்மனை மாறும், ராசா மாறுவார், சூது மட்டும் மாறாது. கைக்குட்டையில் இருமுகிறவன் அந்த வாரத்தைத் தாண்ட மாட்டான். கேட்காமலே சூப்பு கொண்டுவருகிறவளை நம்பக் கூடாது. தாதி ஒருத்தியின் முகத்தைத் தனியாகக் காட்டிவிட்டால் அவள் எதிராளி வைத்த ஒற்று. இதையெல்லாம் முருகலட்சுமி முன்கூட்டியே சொல்வாள், சொன்னது சொன்னபடி நடக்கும். குடத்தைத் தட்டிப் பார்த்தே கீறல் எங்கே என்று சொல்கிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

ஆனால் சரியாகச் சொல்லி என்ன பிரயோசனம், இல்லை என்று மல்லுக்கு நிற்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் பந்தல்குடித் தங்கலட்சுமி. முருகலட்சுமிக்கு மூத்த ஓரகத்தி முறை. தூத்துக்குடி ரோட்டில் புருஷன் ராமசுப்புவோடு மளிகைக்கடை நடத்தினாள். வருஷக்கணக்காக ஓடுகிற இந்தப் பெரிய ராணி தொடரை அங்கே உட்கார்ந்து அவளும் பார்ப்பாள். அவள் பச்சைச் சேலைக்காரி கட்சி.

"சின்னவளுக்குச் சிரிக்கத் தெரியும்டி முருகு. ஒன் பெரிய ராணி மூஞ்சியப் பாரு, வெளக்கெண்ண குடிச்சவளாட்டம்."

"சிரிச்சா ஆச்சாக்கா? சிரிக்கிறதுக்கா கட்டிக்கிட்டு வந்தான்?"

"பின்ன எதுக்குடி?"

மத்தியானம் இரண்டு கடையிலும் ஆள் வராத நேரத்தில் போனில் இந்தச் சண்டை நடக்கும். போனை வைக்கும்போது இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவர்களுக்குக் குலதெய்வம் கருப்பாயி அம்மன். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவே கோயில். அங்கே கும்பிடுகிற பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே பாட்டனாரின் இரண்டு மனைவிமார் வழி வந்தவர்கள். தங்கலட்சுமி வாக்கப்பட்டது மூத்த தாரத்து வீட்டில், முருகலட்சுமி இளைய தாரத்து வீட்டில். மூத்த வீட்டுக்காரி சின்னவளுக்கு வக்காலத்து வாங்குகிறாள், இளைய வீட்டுக்காரி பெரியவளுக்குக் கொடி பிடிக்கிறாள். நாகராஜ் தலையில் அடித்துக்கொள்வான்.

அரண்மனையில் ஆசனம் எப்படியோ, கருப்பாயி கோயில் மாசிப் பொங்கலில் முதல் பானை அப்படி. மூத்த வீட்டு மருமகள்தான் அம்மன் விளக்கில் பற்றிய பனையோலையை வாங்கி முதல் அடுப்பை மூட்ட வேண்டும். மற்ற அடுப்புகளுக்கெல்லாம் அந்த அடுப்பிலிருந்துதான் நெருப்பு. முதல் அடுப்பு எரியாமல் இன்னோர் அடுப்பு எரியக் கூடாது. அதில் ஏறிய பானையை வைத்தவளைத் தவிர யாரும் தொடவும் கூடாது. முருகலட்சுமிக்கு வந்த நாளிலிருந்து இரண்டாம் பானைதான். கை நீட்டி நெருப்பு வாங்குகிற ஒவ்வொரு மாசியிலும் உள்ளே சுருக்கென்று இருக்கும். அக்கா மேல் கோபம் கிடையாது. இருந்தாலும் ஒரே ஒரு தடவை அந்த ஓலை தன் கைக்கு வராதா என்று ஏங்குவாள். ஆசைக்கு வெட்கம் ஏது?

போன வருஷம் தை மாதம், நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்த ராமசுப்பு எழுந்திருக்கவே இல்லை. அந்த மாசியில் பங்காளிகள் யாரும் பொங்கல் வைக்கவில்லை. ஒரே மகளைக் காரியாபட்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. தங்கலட்சுமி தானே கடையைத் திறந்து தானே கல்லாவில் உட்கார்ந்தாள். லோடு வந்தால் இறக்கி வைத்தாள். தொடரை மட்டும் விட்டுவிட்டாள். "என்னத்தப் பாக்க, போ" என்று சொல்லிவிட்டாள். முருகலட்சுமி தனியாகப் பார்த்தாள். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் பார்ப்பது உப்பில்லாத கஞ்சியாக இருந்தது.

இந்த வருஷம் திவசம் முடிந்து மாசியும் பிறந்தது. கோயில் காரியங்களைப் பார்க்கிற சங்கையா கடைக்கு வந்தார். நாகராஜுக்குச் சித்தப்பா. வந்தவர் காப்பியை வாங்கிக்கொண்டு சொன்னார்.

"ஏத்தா, இந்த வருசம் முதப் பானை ஒன் கையிலதான்."

"அப்ப அக்கா?"

"அவ தாலி அறுத்தவ. மூத்த வீட்டுல ஆம்பளப் பிள்ளையும் இல்ல, மருமகளும் இல்ல. அடுத்து நம்ம வீடுதான. அவ கடைசியா ஓரமா ஒரு பானை வச்சுக்கிறட்டும். பாவந்தான், என்ன செய்ய, வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல." சொல்லும்போதே அவர் கண், அவள் தொடர் பார்த்துக்கொண்டிருந்த போனுக்குப் போய்விட்டது. "இவன் யாரு, மீசைய ரெண்டு பக்கமும் தொங்கப் போட்டுக்கிட்டு?"

"மந்திரி, மாமா. சூதுக்காரப் பய."

"சீனாக்காரன் கூத்தெல்லாம் ஒரு கூத்தா" என்றார். என்றவர் காப்பி ஆறி ஆடை படியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவம் என்று முருகலட்சுமியும் ஒரு வார்த்தை சொன்னாள். கண்ணோரத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிய கண் நேராக மேல்தட்டில் இருந்த வெண்கலப் பானைக்குப் போயிற்று. கடையிலேயே நல்ல கனமான பானை. அவர் படி இறங்கியதும் அதை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள்.

"விக்கிறதுக்குல்ல வாங்கி வச்சோம்?" என்றான் நாகராஜ்.

"இனிமே அது சாமி பானை" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை அன்றைக்கு!

மறுநாள் மத்தியானத்துப் பகுதியில் ராசா செத்துப்போனார். பெரிய ராணி வெள்ளை உடுத்திப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் கெண்டை மீசை மந்திரி பச்சைச் சேலைக்காரியைக் கூட்டிவந்து பெரிய ராணியின் ஆசனத்தைக் காட்டுகிறான். "அவர் துக்கத்தில் இருக்கிறார். ஆசனம் வெறுமையாக இருத்தல் ஆகாது, மகாராணி." அவள் கண்ணோரத்தை ஒருதரம் ஒற்றிக்கொண்டாள். உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி!" என்று முருகலட்சுமி போட்ட கூச்சலில், கரண்டி பார்த்துக்கொண்டிருந்த பெண் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "அவ புருசன் பொணம் இன்னும் வாசலத் தாண்டல, அதுக்குள்ள ஏறி உக்காந்துட்டியே! நீ வெளங்குவியா? நாசமாப் போயிருவ!"

ஆத்திரத்தில் விரல் தானாகப் பந்தல்குடி நம்பரை அழுத்திவிட்டது. மத்தியானச் சண்டை நின்றுபோய் ஒரு வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை.

"அக்கா, ஒங்காளு பண்ணுன வேலையக் கேளுங்க! பெரியவ துக்கத்துல இருக்கா, இவ போயி அவ ஆசனத்துல உக்காந்துட்டாக்கா!"

அந்தப் பக்கம் லாரி ஒன்று கடந்துபோகிற சத்தம் கேட்டது. பிறகுதான் தங்கலட்சுமியின் குரல் வந்தது.

"உக்காரட்டும்டி. எடம் சும்மா கெடக்கக் கூடாதுல்ல, யாராச்சும் உக்காரத்தான வேணும்." பிறகு தன் விஷயத்துக்கு வந்தாள். "சங்கையா மாமா சொன்னாக. நல்லாப் பொங்கட்டும் முருகு. நான் வரல. இத்தன வருசம் நின்ன எடத்த விட்டுட்டு ஓரமாப் போயி நிக்க மனசு கேக்கல. வேற ஒண்ணும் இல்ல."

குரலில் குத்தல் இல்லை, வஞ்சகம் இல்லை. அதுதான் முருகலட்சுமியைக் கொன்றது. போனைக் கவிழ்த்து வைத்தாள். எதிரே பானை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. நேற்று தானும் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. பச்சைச் சேலைக்காரிக்கு விட்ட சாபம் முழுவதும் திரும்பி வந்து தன் தலையில் இறங்கியதுபோல் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

நாகராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மாமாவுக்குப் போனப் போட்டு வேணாம்னு சொல்லிரு. முடிஞ்சது சோலி."

"நான் வேணாம்னா அடுத்தவ கைக்குப் போகும். அக்கா கைக்கு வருமா?"

"வராது."

"அப்பப் பேசாம இருங்க."

வழி போனிலேயே கிடைத்தது. அடுத்து வந்த பகுதிகளில் பெரிய ராணி சண்டை போடவில்லை, அழவும் இல்லை. மந்திரி சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டினாள். அரச முத்திரையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். முத்திரை விழாமல் ஒரு கட்டளையும் செல்லாதே! காவல்காரனுக்குச் சோறு போடக்கூட முத்திரை வேண்டும். மந்திரிமார் தவித்துப்போய் ஒவ்வொருவராக வந்து மண்டி போட்டார்கள். கடைசியில் அவளைக் கொண்டுபோய், காலமான ராசாத்தா உட்கார்ந்திருந்த உயர்ந்த ஆசனத்தில், திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பழைய ஆசனத்தைவிட ஒரு படி மேலே.

முருகலட்சுமி படத்தை நிறுத்திவிட்டு அந்தப் படியையே பார்த்தாள். அட, ராசாத்தாவும் புருஷனைப் பறிகொடுத்தவள்தானே! இத்தனை தொடர் பார்த்தாயிற்று, எல்லாவற்றிலும் ஒரு ராசாத்தா இருந்தாள், எல்லோரும் அவள் காலில் விழுந்தார்கள். புருஷன் செத்தால் அங்கே பதவி கூடுகிறது. இது இத்தனை நாள் மண்டையில் ஏறவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உடனே தங்கலட்சுமிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீங்க பானையோட வந்து நிக்கணும். வரலைன்னா நான் கோயில் பக்கமே போகல."

"எதுக்குடி இந்த வம்பு?"

"வம்பு இல்லக்கா. வந்து நில்லுங்க, அது போதும்."

பொங்கலன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. கரிசல் வெடித்துக் கிடந்தது. கோயில் முன்னால் மூன்று மூன்று கல்லாக அடுப்புக் கூட்டி, சீமைக்கருவேல விறகை அடுக்கி, பெண்கள் வரிசையாகப் பானைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் அடுப்பில் முருகலட்சுமியின் வெண்கலப் பானை. தங்கலட்சுமி பந்தல்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, வேப்ப மரத்தடியில் தன் பானையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். உட்காரக்கூட இல்லை.

பூசாரி கருத்தப்பாண்டி அம்மன் விளக்கில் ஓலையைப் பற்றவைத்துக் கொண்டுவந்து நீட்டினார். முருகலட்சுமி கையைக் கட்டிக்கொண்டாள்.

"வாங்குத்தா" என்றார் சங்கையா.

"பானைய வச்சுட்டேன் மாமா. பத்த வைக்க வேண்டியவுக அந்தா மரத்தடியில நிக்கிறாக."

ஓலை கருத்தப்பாண்டியின் விரல் வரைக்கும் எரிந்துவிட்டது. அவர் கையை உதறிக்கொண்டு வேறு ஓலை எடுக்க உள்ளே ஓடினார்.

"வழக்கம் தெரியாமப் பேசாத" என்று சங்கையா குரலை உயர்த்தினார்.

"வழக்கத்தத்தான் பேசுறேன். முதப் பானை மூத்த வீட்டுக்கு. அந்த வீட்டுல ஆளு இருக்கா இல்லையா?"

"அவ அறுத்தவ."

"விட்ருடி முருகு" என்று மரத்தடியிலிருந்து தங்கலட்சுமி கெஞ்சினாள். "கும்புட வந்த எடத்துல எனக்காக எதுக்கு?"

"நீங்க சும்மா இருங்கக்கா, ஒங்ககிட்ட அப்பறம் பேசிக்கிறேன்." முருகலட்சுமி எழுந்து நின்றாள். "மாமா, சீனாவுல ராசா செத்தா ராணி கீழ எறங்கல, மேல ஏறுறா. ராசாத்தான்னு சொல்லி ஒசரத்துல உக்கார வச்சு மந்திரியெல்லாம் மண்டி போடுறான். இங்க மட்டும் ஏன் எறக்குறீக? ராமசுப்பு அத்தான் செத்ததுக்கு அக்கா என்ன குத்தம் செஞ்சாக? கடையத் தூக்கி நிறுத்தி ஒத்தையில நடத்துறாகளே, அது குத்தமா? அவுக பத்த வச்சு ஏதும் கொறைன்னா என் வீட்டு மேல வரட்டும். நான் பத்த வைக்க மாட்டேன். முதக் கல்லுல ஏறுன என் பானைய ஒருத்தரும் தொட முடியாது, நான் பத்த வைக்காம இங்க ஒரு அடுப்பும் எரியாது, தெரியும்ல?"

"சீனாக்காரன் வழக்கத்தக் கொண்டாந்து கருப்பாயி வாசல்ல பேசுறா பாரு!" என்று சங்கையா ஆண்கள் பக்கம் திரும்பினார். ஆண்கள் சிரித்தார்கள். உச்சிப் பூசைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகள் பசிக்கு அழ ஆரம்பித்தன.

அப்போது மூன்றாம் அடுப்பிலிருந்து ஒரு குரல் எழுந்தது. சங்கையாவின் சம்சாரம் பொன்னுத்தாய். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"அதப் பேசுனா என்ன? முந்தாநாளு போன்ல பெரிய ராணியத் தூக்கி மேல உக்கார வச்சு, கெண்ட மீசக்காரன் கால்ல விழுந்தானே, அப்ப 'அப்படிப் போடு'ன்னு தொடையத் தட்டுனது யாரு? நானா?"

எங்கிருந்தோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு. நாகராஜ் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அது கத…" என்றார் சங்கையா. காது மடல் சிவந்துவிட்டது.

"கதையில தட்டுன தொடைய இங்கயுந்தான் தட்டுங்களேன். வெயிலு மண்டையப் பொளக்குது. எங்களுக்கு அடுப்பு எரியணும்."

கருத்தப்பாண்டி புது ஓலையோடு வந்து நின்றார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் முழித்தார். சங்கையா அவரையும் பார்த்தார், பானையையும் பார்த்தார், தன் சம்சாரத்தையும் பார்த்தார். "ஆளாளுக்கு நாட்டாமையாயிட்டீக" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓலையைத் தானே வாங்கினார். மரத்தடிக்கு நடந்தார்.

"தங்கம், வாத்தா. நேரமாச்சு."

தங்கலட்சுமி அசையவில்லை. முருகலட்சுமிதான் போய் அவள் இடுப்பிலிருந்த பானையை வாங்கினாள். தன் வெண்கலப் பானையை இரண்டாம் அடுப்புக்குத் தள்ளிவிட்டு, அந்த அடிப்பக்கம் கறுத்த பழைய பானையை முதல் கல்லில் ஏற்றினாள். அப்போதும் உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தங்கலட்சுமி வந்து குனிந்தாள். ஓலையை வாங்கி நீட்டினாள், முதல் தடவை அணைந்தேவிட்டது. இரண்டாவது ஓலைக்கு விறகு குப்பென்று பிடித்துக்கொண்டது. பெண்கள் குலவை போட்டார்கள். முருகலட்சுமி எப்போதும்போலக் கையை நீட்டி நெருப்பு வாங்கினாள். அவளிடமிருந்து பொன்னுத்தாய் வாங்கினாள், அப்படியே வரிசை முழுக்க எரிந்தது. புகை ஏறிக் கோயிலே மறைந்துவிட்டது. முதல் பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தபோது, சங்கையாதான் எல்லோருக்கும் முந்திக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தங்கலட்சுமி அழுதாளா, புகைதான் கண்ணில் பட்டதா என்று சொல்ல முடியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பானைக்குள் அரிசியைப் போட்டாள். கிண்டினாள். அடுத்த அடுப்பைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"ஏடி முருகு."

"என்னக்கா?"

"நீ சொன்ன பகுதியெல்லாம் நேத்து ஒக்காந்து பாத்துட்டேன்."

"பாத்தீகளா!"

"பாத்தேன். என்ன இருந்தாலும் அந்தப் பெரிய ராணி கெட்டவதான்டி."

முருகலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். ஒரு வருஷத்துச் சண்டை தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"அக்கா, ஊர்ல மழ இல்ல, சனமெல்லாம் கஞ்சிக்குச் செத்துச்சு…"